ஆய்வறிக்கையை முழுதாக வெளியிடுங்கள், முழுதாக எழுதுங்கள்

மாவட்டப் பக்கத்தைப் புரட்டுகிற தமிழ் வாசகருக்குச் சில தலைப்புகள் மனப்பாடம். 'அரசுப் பள்ளியில் அதிரடி ஆய்வு', 'வாசிக்கத் திணறிய மாணவர்கள்', 'ஆசிரியர்களுக்கு டோஸ்'. ஆய்வுக்கு வந்த அதிகாரி வகுப்பறை, கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, சத்துணவுக் கூடம், வருகைப் பதிவேடு என்று ஒன்று விடாமல் பார்த்திருப்பார். அச்சில் வருவதோ ஒரு குழந்தை தடுமாறிய ஒரு நிமிடம். சில நேரம் அந்தக் குழந்தையின் முகமும் படத்தில் இருக்கும்.

பொட்டிபுரத்திலிருந்து போடிநாயக்கனூர் வரையிலும், அங்கிருந்து குரங்கணி, கொட்டகுடி என்று ஏறும் ஏலமலைச் சரிவிலும் உள்ள அரசுப் பள்ளிகளின் பெற்றோரும் ஆசிரியரும் இதைப் பற்றிப் பொதுவில் வைக்கும் நிலைப்பாடு இது. ஆய்வு வேண்டும், முன்னறிவிப்பு இல்லாமல் வந்தாலும் வரவேற்போம் என்பதில் இவர்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. குறை இருந்தால் அது ஊருக்குத் தெரிய வேண்டும். ஆனால் ஆய்வின் முடிவு முழுவதும் எழுத்தில் வெளிவர வேண்டும். அதைப் பற்றி எழுதுபவர் அதைப் படித்துவிட்டு எழுத வேண்டும். இப்போது இரண்டும் நடப்பதில்லை. அறிக்கை அலுவலகக் கோப்புக்குள் போய்விடுகிறது. அதிகாரி வாசலில் சொன்ன இரண்டு வாக்கியங்கள் செய்தியாகிவிடுகின்றன. இதில் நிருபரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை, அவர் கையில் வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதையும் இவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

முழு அறிக்கை ஏன் அவசியம் என்பதற்கு இந்த மலையடிவாரத்தின் வாழ்க்கையே சான்று. போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் என்று எல்லை தாண்டிப் போய், பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புகிறார்கள். ஏலக்காய் பறிப்பு ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை. பழுத்த காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும் என்பதால் ஆடியிலிருந்து தை வரை சுற்றுச் சுற்றாக நடக்கும். அந்த மாதங்களில் பிள்ளையை எழுப்பி, தலைவாரி, பள்ளிக்குக் கிளப்பி அனுப்பப் பல வீடுகளில் பெரியவர்கள் இருப்பதில்லை. மூத்த பெண்தான் தம்பியைக் கிளப்புகிறாள். ஒன்பதரை மணிக்கு வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரிக்கு 'மாணவர் வருகை குறைவு' என்பது மட்டுமே தெரியும். அது உண்மைதான். எந்த மாதத்தில், எந்தத் தெருப் பிள்ளைகள் வரவில்லை, பள்ளி அதற்கு என்ன செய்தது என்பதும் உண்மைதான். அறிக்கையில் அதற்கு இடம் இருந்தால் செய்தியிலும் இடம் கிடைக்கும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவடைந்தது. அதிகாலையில் அடுப்பு பற்றவைக்க ஆளில்லாத ஊர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆய்வுக்கு வருபவர்கள் ஒரு நாள் காலை உணவு நேரத்திலேயே வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

வாசிக்கத் திணறும் குழந்தையின் கதையும் இப்படித்தான். தோட்ட வேலைக்காகக் குடும்பத்தோடு மலைக்குப் போய், அங்கே ஒரு பள்ளியில் ஓராண்டோ ஈராண்டோ படித்து, நடுவில் கீழே இறங்கி இங்கே சேரும் பிள்ளைகள் உண்டு. முதுவர் குடிகளிலிருந்து வரும் பிள்ளைக்கு வீட்டில் பேசும் மொழி வேறு, புத்தகத் தமிழ் வேறு. ஒரே வகுப்பில் ஒரே பத்தியை வாசிக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவர்கள் இல்லை. ஜூன் மாதம் எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்த பிள்ளை டிசம்பரில் ஒரு வாக்கியம் படித்தால், அந்த வகுப்பாசிரியர் நல்ல வேலை செய்திருக்கிறார் என்று பொருள். ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது தடுமாற்றமாகவே தெரியும்.

அடுத்தது 'ஆசிரியர் இல்லாத வகுப்பறை' என்ற செய்தி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள் போதும். வகுப்புகளோ ஐந்து. ஆக, இரண்டு ஆசிரியரும் வந்திருக்கும் நாளில்கூட எல்லா வகுப்பிலும் ஆசிரியர் நிற்க முடியாது. இது சட்டம் போட்ட கணக்கு. அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகளுக்கு ஆசிரியரை அனுப்ப இடம் கொடுக்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலராக ஒருவர் வாக்காளர் பட்டியலோடு தெருத் தெருவாகப் போனால், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துத்தான் ஆக வேண்டும். அந்த நேரம் உள்ளே வரும் ஒளிப்படக்காரர் எடுக்கும் வெற்று வகுப்பறைப் படம் பொய்யில்லை. அதன் கீழே எழுதப்படும் வரி பொய்யாகிவிடுகிறது. காரணமில்லாமல் ஆசிரியர் வராத நாளும் உண்டு. அதைச் செய்தியாக்குங்கள், பெயர் சொல்லியே கேளுங்கள் என்பதும் இந்த நிலைப்பாட்டில் அடங்கும்.

ஒரு பள்ளியை ஒற்றைச் சொல்லில் அடைத்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து மிகக் கசப்பான வழியில் கற்றுக்கொண்டது. ரெடிங் நகரின் கேவர்ஷாம் தொடக்கப் பள்ளியை 'ஆஃப்ஸ்டெட்' என்ற அரசு ஆய்வு அமைப்பு 2022 நவம்பரில் ஆய்வு செய்தது. அதற்கு முன் மிகச் சிறந்தது என்ற தரத்தில் இருந்த பள்ளி, 'போதாது' என்ற கடைசித் தரத்துக்கு இறக்கப்பட்டது. பிள்ளைகளின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் கண்ட குறைகளே முக்கியக் காரணம். அறிக்கை வெளியாகும் முன்பே, 2023 ஜனவரியில், தலைமையாசிரியர் ரூத் பெரி உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வும் அவருடைய மரணத்துக்கு ஒரு காரணம் என்று 2023 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். இடையில், அதே ஆண்டின் கோடையில் மறு ஆய்வு நடந்தது. பள்ளிக்குக் கிடைத்த தரம் 'நன்று'. சில மாதங்களில் சரிசெய்துவிடக்கூடிய குறைகளுக்காக ஒரு பள்ளி முழுவதுக்கும் 'போதாது' என்று பெயர் வைத்திருந்தார்கள். 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் தரம் கைவிடப்பட்டது.

தமிழ்நாட்டுக்கும் ஒரு அனுபவம் உண்டு. அதை நாம் பேசி முடிக்கவே இல்லை. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்தும் 'பிசா' தேர்வில், 15 வயது மாணவர்களை எழுத வைக்கத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் முன்வந்தன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில், வாசிப்பில் 337 மதிப்பெண்ணோடு தமிழ்நாடு 72ஆவது. 317 பெற்ற இமாச்சலம் அதற்கு அடுத்தது. 'இந்தியா கடைசிக்கு முந்தைய இடம்' என்று ஊடகங்கள் எழுதின. தேர்வு எழுதியது இரண்டு மாநிலங்கள்தான் என்பதும், அவை தாமாக முன்வந்தவை என்பதும் அந்தச் சத்தத்தில் காணாமல் போயின. வாசிப்பில் அடிப்படை நிலையைத் தொட்ட தமிழ்நாட்டு மாணவர்கள் 17 சதவீதம் மட்டுமே என்று அறிக்கையில் இருந்தது. வகுப்பறையை மாற்றியமைக்க வேண்டியது அந்த எண்ணிலிருந்துதான். அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று அரசுத் தரப்பு சொல்லியது. 2012, 2015 தேர்வுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. அவமானத் தலைப்பால் ஒரு பள்ளிகூடச் சீராகவில்லை. சோதனைக்கு உட்படும் துணிச்சல்தான் போனது. போடிப் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவருக்கும் இதே பயம் வந்தால், அவர் ஆய்வு நாளுக்காக நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை முன் வரிசையில் உட்கார வைக்கக் கற்றுக்கொள்வார். நட்டம் பின் வரிசைப் பிள்ளைக்கு.

அறிக்கையைப் படிப்பதன் பலனுக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். வெளியூர் வாசகருக்குப் பொட்டிபுரம் என்றால் நியூட்ரினோ ஆய்வகம். மலையைக் குடைந்து 50,000 டன்னுக்கும் மேற்பட்ட இரும்புக் காந்தக் கருவியை உள்ளே நிறுத்தும் அந்தத் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கதிர்வீச்சு வருமா, அணுக்கழிவைக் கொட்டுவார்களா என்பதைச் சுற்றியே அன்று பேச்சும் செய்தியும் ஓடின. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்ததற்குக் காரணம் வேறு. தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரித்த நிறுவனத்துக்கு அந்தப் பணிக்கான அங்கீகாரம் இல்லை; கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இரண்டுமே காகிதத்தில் இருந்தவை. பொறுமையாகப் படித்தவர்களால்தான் அவை நீதிமன்றத்துக்குப் போயின. திட்டத்தை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ இந்தப் பள்ளிகளின் வேலை இல்லை. ஆனால் ஊர் முழுக்கப் பேசியது ஒன்றாகவும் கோப்பில் இருந்தது வேறாகவும் இருக்கும் நிலைமையை இந்த ஊரைப் போலக் கண்ணால் பார்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

பத்திரிகைகளின் வழக்கம் மாறாது என்று யாரும் சொல்ல வேண்டாம். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று படம் போட்டுக் கொண்டாடாத ஒரு பிளஸ் டூ முடிவை ஒரு காலத்தில் கற்பனைகூடச் செய்ய முடியாது. 2017 மே மாதம் அரசு அந்தத் தரவரிசையை நிறுத்தியது. பத்திரிகைகள் வேறு விதமாக எழுதக் கற்றுக்கொண்டன.

ஆகவே, கல்வித் துறைக்கு முதல் கோரிக்கை: ஒவ்வொரு ஆய்வுக்குப் பிறகும் அறிக்கை எழுத்தில் பள்ளிக்கு வர வேண்டும், பள்ளியின் விளக்கம் அதிலேயே சேர வேண்டும், இரண்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கேட்கும் முன்பே தகவலை வெளியிடும் பொறுப்பை அரசு அலுவலகங்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. அறிக்கையை வாசித்து விவாதிக்கப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டமே வகுத்திருக்கிறது. தோட்டத்துக்குப் போகும் அம்மாக்களும் அதில் உட்காரத்தான் வேண்டும். அவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வைக்க வேண்டியது பள்ளியின் பொறுப்பு.

பத்திரிகைகளிடம் கேட்பது குறைவு. அச்சுக்குப் போகும் முன் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். திருத்தம் அனுப்பினால், செய்தி வந்த பக்கத்திலேயே போடுங்கள். வெளியிடும் முன் சரிபார்ப்பதும், பாதிக்கப்பட்டவருக்குப் பதில் சொல்ல இடம் கொடுப்பதும் இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நடத்தை நெறிகளில் உள்ளவைதான். பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை என்றால், நாளிதழ்ச் செய்தி குறித்து இரண்டு மாதங்களுக்குள் கவுன்சிலிடம் முறையிடலாம். கவுன்சிலால் அபராதம் விதிக்க முடியாது, கண்டிக்கத்தான் முடியும். அதனால் அந்த வழியைவிட நேர்ப் பேச்சையே இவர்கள் விரும்புகிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. அதிகாரி முன் தடுமாறும் குழந்தையின் படமும் பெயரும் அச்சில் வரக் கூடாது. அந்தக் குழந்தை மறுநாள் அதே வகுப்புக்கு, அதே தோழர்களுக்கு நடுவே வர வேண்டும். ஆய்வுக் குழுவோடு கேமரா வகுப்பறைக்குள் வருவதைத் தலைமையாசிரியர்கள் மரியாதையாக மறுப்பார்கள். அதிகாரிகள் அதற்குத் துணை நிற்க வேண்டும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. பள்ளி ஆய்வறிக்கையை அங்கே சத்தமாக வாசிக்க வேண்டும், குறைகளோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது இவர்களின் கோரிக்கை. ஆய்வு நாளுக்கு வரும் நிருபர்கள் அந்தக் கூட்டத்துக்கும் வாருங்கள். கடைசிப் பக்கம் வரை கேட்டுவிட்டு எழுதுங்கள்.