வளர்ந்த பையன், வளராத ஆட்டம்! தப்பு யார் மேலே?

வல்லக்கோட்டை,

"ஆளு மட்டும் பனைமரம் மாதிரி வளர்ந்திருக்கான். பந்து கைக்கு வந்தா நடுங்குறான். இவனை எதுக்குடா டீம்ல வெச்சிருக்காங்க?"

வல்லக்கோட்டை முருகன் கோவில் பக்கத்தில் ஒரு டீக்கடை. சாயங்கால நேரம். கல்லூரி மாணவர்கள் நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்து கூடைப்பந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு எல்லாம் தங்கள் கல்லூரி அணியின் உயரமான பையனைப் பற்றித்தான். முதலாம் ஆண்டு மாணவன். உயரம் 6 அடி 6 அங்குலம்.

"நேத்து எத்தனை பாயிண்டு? வெறும் 4! அதுக்குள்ள 5 பவுல் வாங்கிட்டு வெளியே வந்துட்டான்" என்றார் ஒருவர்.

"நம்ம ஊரு முருகன்கூட 7 அடிதான். பேசாம அவரையே கூட்டிட்டு வந்து நிக்க வெச்சிருக்கலாம்" என்றார் இன்னொருவர். ஒரே சிரிப்பு.

பக்கத்தில் கம்பெனி சட்டையோடு ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரகடத்தில் ஷிப்டு முடித்து வந்தவர். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, நானும் ஒரு காலத்துல ஆடினவன்தான். ஒண்ணு கேக்கறேன். அந்தப் பையனை இந்த வருஷம் மொத்தமா எத்தனை நிமிஷம் ஆட விட்டாங்க?" என்றார்.

மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் இல்லை!

ஒரு வருஷத்துக்கு ஒரே ஆட்டம்

அந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

நம் ஊர்ப் போட்டிகள் பலவும் 'நாக்-அவுட்' முறை. தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். 16 அணிகள் வந்தால் 8 அணிகள் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிவிடும். கோப்பை வாங்கும் அணிகூட ஆடுவது மொத்தம் 4 ஆட்டம்தான்.

ஒரு கல்லூரி அணி வருஷத்துக்கு 4 போட்டிகளுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இரண்டாவது சுற்றில் தோற்கிறது. ஆக 8 ஆட்டம். பெஞ்சில் இருக்கும் பையனுக்கு ஆட்டத்துக்கு 5 நிமிஷம் கிடைத்தால் மொத்தம் 40 நிமிஷம். கூடைப்பந்தில் ஒரு முழு ஆட்டமே 40 நிமிஷம்தான். அதாவது வருஷம் முழுக்க அவன் ஆடியது ஒரே ஒரு ஆட்டம்!

இதே 16 அணிகளும் 'லீக்' முறையில் ஆடினால் ஒவ்வொரு அணிக்கும் 15 ஆட்டம் கிடைக்கும். அமெரிக்காவில் பெரிய கல்லூரி அணிகள் ஒரு பருவத்துக்குச் சுமார் 30 ஆட்டங்கள் ஆடுகின்றன. நம் பையன் கை நடுங்காமல் என்ன செய்யும்?

உயரமே எதிரி

உயரமான பையன்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. உடம்பு திடீரென்று வளர்ந்துவிடுகிறது. காலும் இடுப்பும் அதற்கு ஈடு கொடுக்க நாளாகும். குனிந்து பந்து தட்டுவது, சட்டென்று திரும்புவது எல்லாம் குட்டைப் பையனுக்குச் சீக்கிரம் வரும். நெட்டைப் பையனுக்கு மெதுவாகத்தான் வரும்.

விதிகளும் அவனைத்தான் நெருக்குகின்றன. எதிரணியின் கூடைக்கு அடியில், கட்டம் போட்ட இடத்தில், தொடர்ந்து 3 விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. நின்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். தன் பக்கத்துக் கூடையைக் காக்கும்போது கையை ஒரு இம்மி தாழ்த்தினாலும் 'பவுல்' விசில். 5 பவுல் ஆனால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். எப்போது கையைத் தூக்குவது, எப்போது ஒதுங்குவது என்பதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆடி ஆடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சத்னம் சிங் கதை

இதற்குப் பெரிய உதாரணம் பஞ்சாப் வாலிபர் சத்னம் சிங். பல்லோ கே என்ற சின்னக் கிராமத்துக்காரர். அப்பாவுக்கு விவசாயமும் மாவு மில்லும். அப்பாவும் நல்ல உயரம். ஆனால் அவருக்குப் பந்து தொட வாய்ப்பு இல்லை. தனக்குக் கிடைக்காதது மகனுக்காவது கிடைக்கட்டும் என்று லூதியானா பயிற்சிக் கூடத்தில் சேர்த்தார்.

2010-ல், 14 வயதில், உதவித்தொகையுடன் அமெரிக்கா போனார் சத்னம். 7 அடி 2 அங்குலம் வளர்ந்தார். 2015 ஜூனில் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி அவரை 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் இடம் பிடித்த முதல் இந்தியர் அவர்தான். நாடே கொண்டாடியது.

அப்புறம் நடந்ததுதான் வேதனை. அவர் கல்லூரி அணி எதிலும் ஆடவில்லை. பயிற்சிப் பள்ளியிலிருந்து நேரே தொழில்முறைக்குத் தாவிவிட்டார். இரண்டாம் நிலை அணியான டெக்சாஸ் லெஜண்ட்சில் பெரும்பாலும் பெஞ்சுதான். முதல் பருவத்தில் பத்து ஆட்டம்கூட ஆடவில்லை. என்.பி.ஏ. களத்தில் ஒரு நிமிஷம்கூட இறங்காமலே ஊர் திரும்பினார். 2020 டிசம்பரில் ஊக்கமருந்து வழக்கில் 2 ஆண்டு தடை வேறு. 2022-ல் அமெரிக்காவில் மல்யுத்த மேடை ஏறிவிட்டார்.

உயரம் இருந்தது. உழைப்பும் இருந்தது. கல்லூரி ஆட்டம் என்ற நடுப்படி மட்டும் இல்லை!

லேட்டா வந்தாலும்...

அதே பஞ்சாபின் அம்ரித்பால் சிங் கதை வேறு மாதிரி. அவர் கூடைப்பந்தைத் தொட்டதே 18, 19 வயதில்தான். அதுவரை வயல் வேலையும் கபடியும். ஆனால் அவருக்கு ஆட்டம் கிடைத்தது. இந்திய அணியில் ஆடினார். ஜப்பான் லீக்கில் ஆடினார். 2014-ல் வூகான் நகரில் சீனாவை அதன் சொந்த மண்ணிலேயே 65-58 என்று இந்தியா தோற்கடித்தபோது அந்த அணியில் அவரும் இருந்தார். 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணி அவரை அழைத்துக்கொண்டது.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமா? கிரேக்க நாட்டு யானிஸ் 2013-ல் மில்வாக்கி அணிக்கு வந்தார். ஒல்லிப் பையன். முதல் பருவத்தில் சராசரி 6.8 புள்ளிதான். ஆனால் அவரை உட்கார வைக்கவில்லை. 77 ஆட்டங்களில் இறக்கினார்கள். 2021 இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் அவர் எடுத்தது 50 புள்ளி. கோப்பை மில்வாக்கிக்கு!

சென்னைப் பெண்கள் சொல்லும் பாடம்

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்திய மகளிர் அணிக்குக் கேப்டன் ஆனார். ஏறக்குறைய 18 ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரோடு ஆடிய கேரளத்துக் கீது அன்னா ஜோஸ், 2011-ல் அமெரிக்க மகளிர் அணிகளின் தேர்வு ஆட்டம் வரை போனார்.

இருவருக்கும் கைகொடுத்தது தெற்கு ரெயில்வே. மாதச் சம்பளம், தினப் பயிற்சி, விடாமல் ஆட்டம். வயிற்றுக் கவலை இல்லாததால் ஆட்டம் வளர்ந்தது.

என்ன போகிறது?

"ஒரு பையன் ஆடாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்?" என்று கேட்கலாம்.

அவனுக்கு முழுகத்தான் முழுகும். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. ரெயில்வே, வங்கி அணிகளும் ஆள் எடுக்கின்றன. எல்லாவற்றுக்கும் மாநில, தேசிய அளவில் ஆடிய சான்றிதழ் வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. இரண்டு வருஷம் இப்படிப் போனால் பையன் மனசு விட்டுப்போய், பந்தை மூலையில் போட்டுவிட்டு, காண்டிராக்ட் வேலைக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவான். கம்பெனி வேலை கேவலம் இல்லை. ஆனால் அது அவனாகத் தேர்ந்தெடுத்ததாக இருக்கவேண்டும்.

நாட்டுக்கும் நஷ்டம்தான். 2025 ஆகஸ்டில் ஜெட்டாவில் நடந்த ஆசியக் கோப்பையில், தமிழ்நாட்டு வீரர் முயின் பெக் ஹபீஸ் தலைமையில் இறங்கிய இந்திய அணி, ஜோர்டானுடன் கூடுதல் நேரம் வரை போராடித் தோற்றது. பிரிவில் மூன்று ஆட்டமும் தோல்வி. தேசிய அணிக்கு வேண்டிய ஆள் கல்லூரி மைதானத்திலிருந்துதானே வரவேண்டும்?

வழி இருக்கிறது

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கல்லூரிகள் இருக்கின்றன. கம்பெனிகளும் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து சனி, ஞாயிறுகளில் லீக் ஆடலாம். கம்பெனிகள் பந்துக்கும் விளக்குக்கும் பணம் கொடுக்கலாம். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆட்டத்துக்கு இத்தனை நிமிஷம் என்று கட்டாயம் வைக்கலாம்.

ரசிகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பையன் எத்தனை பாயிண்டு எடுத்தான் என்று மட்டும் எண்ணாதீர்கள். போன மாதத்தைவிட இந்த மாதம் பவுல் குறைந்திருக்கிறதா, கால் நகர்கிறதா என்று பாருங்கள்.

டீக்கடையில் கம்பெனிக்காரர் கிளம்பும்போது ஒரு மாணவர் கேட்டார்: "அண்ணா, நீங்க ஏன் ஆட்டத்தை விட்டீங்க?"

"விடலை தம்பி. பெஞ்சுலயே உட்கார வெச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, டீ கிளாசை வைத்துவிட்டு அவர் நடந்தார்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.