பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு

காரின் மேல் படியும் தூசியைத் துடைப்பதற்கென்றே பலவகைத் தெளிப்புத் திரவங்கள் கடைகளில் விற்கின்றன. 'க்விக் டீடெய்லர்' என்பது இவற்றுக்கு வணிகர் வைத்த பெயர். பாட்டிலின் விசையை அழுத்தினால் திரவம் பனிபோலச் சிதறும். துணியால் துடைத்தால் தூசி போய் வண்டி மின்னும்.

அறிவியல் இதழில் இதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டில் கார் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் மாணவ நண்பர்களே, அந்த பாட்டிலுக்குள் உங்கள் பாடநூலின் நான்கு பாடங்கள் அடங்கியிருக்கின்றன: கடினத்தன்மை, உராய்வு, பரப்பு இழுவிசை, ஒளிச்சிதறல். அந்த பாட்டிலின் மேல் ஒட்டிய தாளிலோ, அதே பாடங்களை வளைத்துக் கூறும் விளம்பரச் சொற்கள் இருக்கின்றன. எனவே இது கார்க்காரர்களின் கவலை மட்டுமன்று.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்திரவத்தை அது தரும் பளபளப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தூசிக்கும் பூச்சுக்கும் இடையே அது எவ்வளவு வழுக்கலைத் தருகிறது என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஏன் என்று காண்போம்.

தலைமயிரைவிட மெல்லிய கவசம்

இன்றைய காரின் உலோகத் தகட்டின்மேல் பல பூச்சுகள் அடுக்கடுக்காக உள்ளன. அடியில் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் மட்டப்படுத்தும் பூச்சு, பிறகு நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிறமற்ற பூச்சு. நாம் தொடுவதும் துடைப்பதும் இந்தக் கடைசிப் பூச்சைத்தான். இதன் தடிமன் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான் வரை. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். மனிதரின் தலைமயிர் ஒன்று சுமார் 70 மைக்ரான் தடிமன் கொண்டது. அதாவது, காரின் நிறத்தை வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காக்கும் கவசம் பொதுவாக ஒரு மயிரிழையைவிட மெல்லியது.

இந்தக் கவசம் ஒரு பிளாஸ்டிக் வகையே. தெருத்தூசியிலோ மணல் துகள்கள் இருக்கின்றன. மணலில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமத்துக்கு மோஸ் கடினத்தன்மை அளவில் 7 என்ற இடம். சாதாரணக் கண்ணாடிகூட ஏறத்தாழ 5.5 தான். கண்ணாடியையே கீறவல்ல துகள், பிளாஸ்டிக் பூச்சை விட்டுவைக்குமா? தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பவர் உண்மையில் உப்புத்தாளால் அதைத் தேய்க்கிறார்.

இதன் விளைவை உங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டிலேயே காணலாம். பல நாள் தேய்த்துக் கழுவிய தட்டை எரியும் பல்பின் கீழ்ப் பிடியுங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்ட வட்டமான கோடுகள் தெரியும். கீறல்கள் உண்மையில் எல்லாத் திசைகளிலும் இருக்கின்றன; பிம்பத்தைச் சுற்றி வளைந்தாற்போல் அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. கருநிறக் காரை நண்பகல் வெயிலில் பார்த்தால் இதே வலை தெரியும்.

இக்கீறல்களைப் போக்க வேண்டுமானால் பூச்சையே சில மைக்ரான் தேய்த்து எடுத்து மட்டப்படுத்த வேண்டும். தேய்த்ததைத் திரும்பப் பெற வழியில்லை. மொத்தம் 40 மைக்ரான் உள்ள இடத்தில் இப்படி எத்தனை முறை செலவழிக்க முடியும்? ஆகவே கீறலைப் போக்குவதைவிடக் கீறல் விழாமல் காப்பதே அறிவுடைமை.

திரவம் செய்யவேண்டிய வேலை

நல்ல தெளிப்புத் திரவத்தின் வேலை இரண்டு. முதலாவது, நனைத்தல். தண்ணீரின் பரப்பு இழுவிசை அதிகம். அது துளியாகத் திரண்டு நிற்கவே விரும்பும். சோப்பைப் போன்ற பொருள்கள் அந்த இழுவிசையைக் குறைக்கின்றன. அப்போது திரவம் தூசித் துகளின் அடிவரை பரவி, பூச்சுடன் அது கொண்ட பிடிப்பைத் தளர்த்துகிறது. இரண்டாவது, வழுக்கல். திரவத்தில் கரைந்துள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துகளுக்கும் பூச்சுக்கும் இடையே மசகுபோல் நின்று உராய்வைக் குறைக்கின்றன. துகள் பூச்சை உழாமல் துணிக்குள் ஏறிவிடுகிறது.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வேண்டாத பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றை எடுத்து, அதன் மேல் மெல்லிய மண் தூசியைத் தூவுங்கள். ஒரு பாதியை உலர்ந்த துணியால் துடையுங்கள். மறுபாதியில் ஒரு துளி சோப்பு கலந்த நீரைத் தாராளமாகத் தெளித்து, சிறிது நேரம் விட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் துடையுங்கள். பிறகு விளக்கின் கீழ்ப் பார்த்து இரு பாதிகளையும் ஒப்பிடுங்கள். அடுத்து, வேறொரு அடிக்கோலில் பருமணலைத் தடிப்பாகத் தூவி, ஈரத்தோடே துடையுங்கள். திரவத்தால் காக்க முடிந்த எல்லை எது என்பதையும் அது உங்களுக்குக் காட்டும்.

மயக்கும் மூன்று சொற்கள்

இனி, பாட்டிலின் மேலுள்ள சொற்களுக்கு வருவோம்.

முதற்சொல் 'பளபளப்பு'. ஆற்றங்கரைக் கூழாங்கல் உலர்ந்திருக்கையில் மங்கலாகவும், நனைந்தவுடன் நிறம் தூக்கலாகவும் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். கல் மாறிவிடவில்லை. அதன் மேற்பரப்பின் மேடுபள்ளங்களைத் தண்ணீர் நிரப்பிவிட்டதால் ஒளி சிதறுவது குறைகிறது, அவ்வளவே. தெளிப்புத் திரவத்திலுள்ள சிலிக்கோன் எண்ணெயும் மெழுகும் நுண்கீறல்களை இப்படித்தான் நிரப்புகின்றன. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு இதற்குப் பெயர்பெற்றது. கண்ணுக்கு இனிய பளபளப்பு கிடைப்பது மெய். அதில் குற்றமும் இல்லை. ஆனால் கீறல் ஆறிவிடவில்லை, மறைந்திருக்கிறது. படலம் தேய்ந்ததும் மீண்டும் தலைகாட்டும். துடைக்கும்போதே புதுக் கீறல் போட்டு, உடனே அதை மறைத்தும் விடுகிற திரவத்தை 'நன்றாக மின்னுகிறது' என்று நாம் பாராட்டிவிடக் கூடும்!

இரண்டாவது சொல் 'தாமரை இலை'. தாமரை இலைத் தண்ணீர்போல ஒட்டாமல் ஓடும், தூசியும் தானே போய்விடும் என்பார்கள். மெழுகு பூசிய பரப்பில் தண்ணீர் முத்துமுத்தாக நிற்பது உண்மையே. ஆனால் தாமரை இலையின் வித்தை மெழுகினால் மட்டும் வருவதன்று. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகள் நிறைந்திருக்கின்றன. அதனால் துளிக்கும் இலைக்கும் இடையேயான கோணம் 150 டிகிரியைத் தாண்டுகிறது. துளி உருண்டோடித் தூசியையும் வாரிச் செல்கிறது. வழவழப்பான கார்ப்பரப்பில் மெழுகோ சிலிக்கோனோ பூசினால் அக்கோணம் ஏறத்தாழ 100, 110 டிகிரி அளவில் நின்றுவிடும். துளி அழகாக நிற்கும். ஆனால் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் கார் கிடைக்காது. உப்புநீராக இருந்தால், நின்ற துளி உலர்ந்து வெண்புள்ளியை விட்டுச் செல்வதும் உண்டு.

மூன்றாவது சொல் '9எச்'. 'செராமிக்' என்று விற்கும் பூச்சுகளில் இதைப் பெரிதாக அச்சிடுவார்கள். மோஸ் அளவில் 9 என்றால் குருந்தக்கல். அதற்கு மேல் வைரம் மட்டுமே. வாங்குபவர் மனத்தில் இந்த எண்ணமே ஓடும். ஆனால் அந்த 9எச் உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் எச்பி, 2எச் பென்சில்களின் அண்ணன்! பூச்சுகளைச் சோதிக்க, பென்சிலை 45 டிகிரி சாய்வில், 750 கிராம் எடையுடன் தள்ளிப் பார்ப்பது ஒரு முறை. எந்தப் பென்சில் வரை தடம் விழவில்லையோ அதுவே அப்பூச்சின் எண். பென்சில் முனை என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த கலவை, மணலைவிட மென்மையானது. பென்சிலுக்குத் தப்பிய பூச்சு மணலுக்கும் தப்பும் என்று இதனால் சொல்ல முடியாது. அதிலும், ஒரு மைக்ரானைக்கூட எட்டாத தெளிப்புப் படலம் கேடயமாகிவிடாது.

தண்ணீர் மிச்சமாகுமே?

ஆகும். இது நியாயமான வாதம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டுபோயின. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீர் கொண்டு வாகனம் கழுவுவதற்குத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கார் கழுவுவது நம் ஊர்களுக்குப் பொருந்தாத பழக்கம். இலேசான தூசிக்கும், புதிதாக விழுந்த பறவை எச்சத்துக்கும் இத்திரவம் மிகவும் ஏற்றதே.

ஆனால் சேறும் மணலும் அப்பியிருக்கும்போது 'தண்ணீரே வேண்டாம்' என்பது தவறான சிக்கனம். இரண்டு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி மணலைக் கழித்துவிட்டுப் பிறகு துடைத்தால், தண்ணீரும் வீணாகாது, பூச்சும் கெடாது.

தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டில் பெரியவர்கள் இத்திரவத்தை வாங்கும்போது பாட்டிலை வாங்கிப் படித்துப் பாருங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது? பெரும்பகுதி தண்ணீர்தான். அடர்கரைசலாக வாங்கி நாமே நீர் சேர்க்கும் வகை கிடைத்தால் பணமும் மிச்சம். பிளாஸ்டிக் பாட்டிலும் மிச்சம்.

சிலிக்கோன் உண்டா? உண்டென்றால், விரைவில் மறுபூச்சு அடிக்க இருக்கும் வண்டிக்கு வேண்டாம். புதுப் பூச்சு ஒட்டாமல் மீன்கண் போன்ற குழிகள் விழும். ஸ்கூட்டரின் சீட்டிலும் டயரிலும் பிரேக்கிலும் எந்த வண்டியிலும் இது படவே கூடாது. வழுக்கினால் உயிருக்கே ஆபத்து.

கெடாமல் காக்கச் சேர்த்த பொருள் எது? ஐசோதயாசோலினோன் வகையைச் சேர்ந்தவை சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். கையுறை அணிவதும், காற்றோட்டமான நிழலில் வேலை செய்வதும் நல்லது.

துணி எது? திரவத்தைவிட இதுவே முக்கியம். மென்மையான மைக்ரோஃபைபர் துணி தன் நுண்ணிய இழைகளுக்குள் தூசியை இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் அழுக்கானதும் மடித்து மறுபக்கத்தால் துடைக்க வேண்டும். தரையில் விழுந்த துணியை அலசாமல் தொடக்கூடாது.

முதற் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் விடை பல பாட்டில்களில் கிடைக்காது என்பதுதான் வருத்தம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2017இல் ஒரு சட்டம் இயற்றியது. வீட்டைச் சுத்தம் செய்யும் பொருள்களோடு, வண்டியைப் பராமரிக்கும் திரவங்களையும் செய்வோர், அவற்றில் கலந்துள்ள பொருள்களை 2020 முதல் இணையத்திலும், 2021 முதல் பாட்டிலின் மேலும் வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். இத்தகைய விதி எல்லா நாடுகளிலும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'அதிசயப் பளபளப்பு' என்று அச்சிட இடம் இருக்கும் தாளில், உள்ளே இருப்பது என்ன என்று அச்சிடவும் இடம் இருக்கும்.

அதுவரை, விளம்பரம் எண்ணைக் காட்டினால் அது எதை அளந்த எண் என்று கேளுங்கள். மின்னுவதைக் காட்டினால் எதை மறைத்து மின்னுகிறது என்று கேளுங்கள். இவ்விரு கேள்விகளும் கார்த் திரவத்துக்கு மட்டுமல்ல, கடையில் விற்கும் எந்தப் பொருளுக்கும் பயன்படும்.