குளிர்தேநீரும் ஒரு கரண்டிச் சர்க்கரையும்



உச்சி வெயிலில் செம்பனைக் காட்டிலிருந்து திரும்பும் தந்தைக்கும், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் குளிர்ந்த தேநீர் ஒரு குவளை கிடைத்தால் அதனினும் இன்பம் வேறுண்டோ? அவ்வின்பத்தைக் கடையில் வாங்காது இல்லத்திலேயே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து.

குளிர்ச்சி மிகுந்தால் நாவுக்கு இனிப்புக் குறைவாகவே தெரியும். ஆகவேதான் குளிர்பானங்களில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகின்றனர். 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள பானங்களுக்கு நம் அரசாங்கம் 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு வரி விதித்தது. பின்னர் அதனை உயர்த்தவும் செய்தது. காரணம் இல்லாமலா? அதே 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. நம் தோட்டத்து வீடுகளில் மாத்திரை உறை தொங்காத வீடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

செய்முறை எளிது. ஒரு லிட்டர் கொதிநீரில் நான்கு தேக்கரண்டித் தேயிலையிட்டு, நான்கு நிமிடம் மூடிவைத்து வடிகட்டுக. அதற்குமேல் ஊறினால் கசக்கும். கசப்பை மறைக்க மேலும் சர்க்கரை தேடுவோம்! சூடாக இருக்கும்போதே நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துவிடுக. ஆறிய பின் இட்டால் அது அடியில் தங்கிவிடும். இனிப்பில்லை என்று இன்னொரு கரண்டி போடுவோம். ஆறியதும் எலுமிச்சைச் சாறு பிழிந்து குளிர்பெட்டியில் வைத்து, அன்றன்றே அருந்துக. தேநீர் கலங்கினால் கெட்டுவிட்டதென்று கொட்ட வேண்டா. சிறிது வெந்நீர் சேர்த்தால் தெளியும்.

"விருந்தினருக்குச் சர்க்கரையைக் குறைத்தால் கஞ்சத்தனம் என்பார்களே!" என்று தாய்மார் சிலர் நம்மிடம் முறையிட்டதுண்டு. சர்க்கரைப் பாகைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியவர் வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளட்டும். வீட்டாருக்கோ, வாரந்தோறும் அரைக் கரண்டி குறைத்து வந்தால் நாவே பழகிவிடும்.

சோற்றோடு தேநீர் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் நாம் ஒப்புவதற்கில்லை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதவாறு அது தடுக்கிறது. உண்டு ஒரு மணி நேரம் கழியட்டும். சின்னஞ்சிறு குழந்தைகட்குத் தேநீரே வேண்டா. எலுமிச்சை நீர் போதும்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் வரும் விடுமுறையில் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். கரண்டிக் கணக்கு அவர்கள் பொறுப்பு. கொதிநீரை ஊற்றும் வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்க.