குரங்கு மலேரியாவும் ஒரு பூஜ்யமும்

2018 முதல் மலேசியாவில் மனித மலேரியாவின் உள்நாட்டுத் தொற்று பூஜ்யம் என்று அறிவிக்கப்பட்டது. பால்மரக் காட்டில் குளிர்காய்ச்சலுக்குப் பலியான நம் முன்னோரை நினைத்தால் பெருமைதான். ஆனால் அந்தப் பூஜ்யத்தில் குரங்கு மலேரியா சேராது. பிளாஸ்மோடியம் நோலெசி என்னும் அந்த ஒட்டுண்ணி ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோரைத் தாக்கியிருக்கிறது, உயிரிழப்பும் உண்டு.

நுண்ணோக்கியில் பார்த்தால் அது 'மலேரியே' என்ற சாதுவான வகையைப் போலவே இருக்கும். சரவாக், காப்பிட்டில் பல்பீர் சிங் குழுவினர் மரபணுவைச் சோதித்தபோதுதான் 208 நோயாளிகளில் 120 பேருக்கு நோலெசி என்று தெரிந்தது. ஆய்வு 2004இல் வெளிவந்தது.

பரிணாம மரம் கைகொடுப்பது இங்கேதான். மரபணு எழுத்துகள் எங்கெங்கே மாறியுள்ளன என்று ஒப்பிட்டு, யாருக்கு யார் உறவு என்று வரையும் வம்சாவளி அது. மனிதரிடம் எடுத்த நோலெசியும் குரங்கிடம் எடுத்ததும் அதில் தனித்தனியே பிரியாமல் கலந்தே நிற்கின்றன. அதாவது, நோய் குரங்கிலிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது. மனிதருக்கென்று தனிக்கிளை துளிர்த்தால் அதுவே அபாய மணி. மனிதன் இப்பகுதியில் குடியேறுமுன்பே குரங்குகளில் இது இருந்தது என்கிறது 2011இல் வந்த ஆய்வு. அதன் காட்டுக்குள் போனவர்கள் நாம்தான்!

(கல்லுமலைக் கோயில் குரங்குகளைக் கண்டு பயப்பட வேண்டாம். பரப்புவது காட்டோர அனோபிலிஸ் கொசு.)

பேராக்கின் காட்டோரத் தோட்டங்களில் இன்று வேலை செய்வோரில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். நம்மவர் ஈப்போவுக்கு வந்துவிட்டதால் இது நம் பிரச்சினை இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். பூஜ்யத்தை அச்சிடும் ஒவ்வோர் இடத்திலும் பக்கத்திலேயே நோலெசி எண்ணிக்கையையும் அச்சிட வேண்டும்.