ஐம்பதில் வளையுமா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் முன்னோர் கேட்டு வைத்தார்கள். கேள்வியாகக் கேட்டார்களேயன்றி, 'வளையாது' என்று தீர்ப்புச் சொல்லிவிடவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மேனாடுகளில் நாற்பதும் ஐம்பதும் கடந்த ஸ்திரீ புருஷர்கள் பலர், இக்கேள்விக்குத் தங்கள் முழங்கால்களைக் கொண்டே விடை கூற முற்பட்டிருக்கிறார்கள். பாலே என்னும் நடனத்தை அரிச்சுவடியிலிருந்து பயில்கிறார்கள். லண்டனில் 1920-ல் தோன்றிய ராயல் அகாடமி ஆப் டான்ஸ் என்ற ஸ்தாபனம், 55 வயதுக்கு மேற்பட்டோருக்கென்றே வகுப்புகளை ஏற்படுத்தி, அவற்றுக்கு 'வெள்ளி அன்னங்கள்' என்று பெயரும் சூட்டியிருக்கிறது.

பாலே இளம் பருவத்தில் தொடங்க வேண்டிய வித்தை என்பது வாஸ்தவமே. அன்னா பாவ்லோவா 1891-ல் பீட்டர்ஸ்பர்க் நகரின் அரசாங்க நடனப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 10. இதற்குக் காரணமும் உண்டு. பாலேயில் கால்களை இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்புறமாகத் திருப்பி நிற்க வேண்டும். அந்த எலும்புகளின் அமைப்போ வளரும் பருவத்திலேயே உறுதிப்பட்டுவிடுகிறது. வயது வந்தவர், இடுப்பு இடங்கொடுக்கும் அளவுக்கு மேல் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால், அந்தப் பிழைக்கு முழங்கால் தண்டனை அனுபவிக்கும். துணியும் தாளும் பசையும் சேர்த்து நுனியை இறுக்கிய பாதரட்சை அணிந்து, விரல் நுனியில் நிற்கும் ஆசையும் அப்படிப்பட்டதே. கணுக்காலும் பாதமும் வலுப்பெறும் வரை நல்ல ஆசிரியர் அதற்கு அனுமதிப்பதில்லை. சிலருக்கு அனுமதி கிடைக்காமலே போகலாம்.

அப்படியானால், மேடையேற முடியாத வித்தையைக் கற்பதில் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். வகுப்பு எவ்விதம் தொடங்குகிறது என்பதை அறிந்தால் இதற்குச் சமாதானம் கிடைக்கும்.

சுவரோரமாக, இடுப்புக்குச் சற்று மேலான உயரத்தில் ஒரு மரச்சட்டம் இருக்கும். அதை ஒரு கையால் இலேசாகப் பற்றி, குதிகால்களைச் சேர்த்து, முழங்கால்களை மடக்கி, மெல்லத் தாழ்ந்து எழுவதே முதற் பாடம். 'ப்ளியே' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'மடக்கியது' என்று பொருள். நம் அரைமண்டிக்குத் தூரத்து உறவு எனலாம். பதினான்காம் லூயி மன்னன் 1661-ல் நடனத்துக்கென ஓர் அகாடமியை நிறுவிய நாடு பிரான்ஸ். ஆகவே உலகெங்கும் பாலேயின் பரிபாஷை பிரெஞ்சு மொழியிலேயே வழங்குகிறது. வியப்பு என்னவெனில், நேற்றுச் சேர்ந்த நரைத்த தலைக் குமாஸ்தா செய்யும் இதே பயிற்சியில்தான், உலகப் புகழ் பெற்ற நர்த்தகியும் தம் அன்றாட சாதகத்தைத் தொடங்குகிறார். மகா வித்வானும் விடியற்காலையில் அகார சாதகம் செய்வதில்லையா? முதற் பாடத்தை விட்டு மேலே போய்விட்டவர் அக்கலையில் எவருமில்லை. ஆகவே அங்கே நிற்பதற்கு எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

நம் குடும்பங்களிலோ, கற்பது குழந்தைகளின் காரியம் என்றும், சம்பளம் கட்டுவதும் வாசலில் காத்திருப்பதும் பெரியவர்களின் காரியம் என்றும் பாகப்பிரிவினை நடந்துவிட்டது. குறிப்பாக நம் பெண்மணிகள், கலியாணத்தோடு தங்கள் பாடப் புத்தகம் மூடப்பட்டதாகவே கருதிவிடுகிறார்கள்.

ருக்மிணி தேவி அவ்வாறு கருதவில்லை. 1904-ல் பிறந்து, மணமாகி, இருபது வயதையும் கடந்த பின்னரே அவர் பாலே பயிலத் தொடங்கினார். பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டி அவருக்குப் பாடம் சொன்னார். உன் தேசத்துக் கலையையும் நாடு என்று தூண்டியவர் பாவ்லோவாவே. பிறகு, பரம்பரையாக நாட்டியத்தைக் காத்துவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மறுபடியும் ஆரம்ப மாணவியாக நின்றார். 1935-ல் அடையாற்றில் அரங்கேறியபோது அவருக்கு வயது 31. மறு ஆண்டே கலாக்ஷேத்திரம் பிறந்தது. அவர் பாலே நர்த்தகி ஆகவில்லை. ஆனால் வயது வந்தபின் மாணவியாக நிற்கும் துணிவு முதலில் பழகியது அந்தப் பாலே வகுப்பில்தான்.

எல்லோரும் ருக்மிணி தேவி ஆகப் போவதில்லை; ஆக வேண்டியதுமில்லை. மூட்டு வலியுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளட்டும். ஆசிரியர் 'போதும்' என்ற இடத்தில் நிறுத்தட்டும். வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: அம்மாவோ அத்தையோ நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கிப் பழகினால், தயவுசெய்து சிரிக்க வேண்டாம். கூடத்து மேஜையைச் சற்று ஓரமாக நகர்த்திக் கொடுங்கள், அது போதும்.