சைக்கிள் கொடுத்தோம், பாதை எங்கே?

சேரியிலிருந்து வருகிறவர் ஊர்த்தெருவுக்குள் நுழைந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது எழுதப்படாத சட்டமாக இருந்தது. இன்றும் அது முற்றாக ஒழிந்துவிடவில்லை. அதனால்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டு கொண்டுவந்த திருத்தம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இருக்கையில் ஏறி உட்காரவும் சட்டத்தின் துணை தேவைப்படுகிற சமூகம் இது.

சைக்கிளின் விடுதலை ஆற்றலை நம் மக்கள் நன்றாக அறிவார்கள். 1990களின் தொடக்கத்தில், திருச்சிக்குப் பக்கத்திலேயே, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் கல்குவாரித் தொழிலாளர்களும் உண்டு. 2001-02இல் தமிழ்நாடு அரசு விலையில்லா சைக்கிள் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் பெற்றவர்கள் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகள். பிறகுதான் அது மற்றப் பிரிவினருக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது.

ஆனால் சைக்கிளைக் கொடுத்த அரசு அதை ஓட்டப் பாதையைக் கொடுக்கவில்லை. பதினோராம் வகுப்பில் கிடைத்த சைக்கிள், பள்ளி முடிந்ததும் வீட்டுத் தாழ்வாரத்தில் துருப்பிடிக்கிறது. 'பெரிய ரோட்டில் போகாதே' என்று அம்மா தடுக்கிறார். அந்தத் தாயின் அச்சத்தில் தவறில்லை. தவறு சாலையில் இருக்கிறது.

திருச்சியில் இன்று சைக்கிள் மிதிப்பவர்கள் யார்? விடியுமுன் துடைப்பத்தோடு கிளம்பும் தூய்மைப் பணியாளர், காந்தி சந்தைக்குப் போகும் சுமைதூக்கும் தொழிலாளி, கட்டட வேலைக்காரர், வீட்டு வேலைக்குப் போகும் பெண், பள்ளிப் பிள்ளைகள். தூய்மைப் பணியில் பெரும்பாலோர் தலித்துகள். திருவரங்கத்தின் வீதிகளை நாள்தோறும் பெருக்கிச் சுத்தமாக வைத்திருப்பவருக்கு, அந்த வீதிகளுக்கு உயிர் பயமின்றி வந்து சேர வழியில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையிலும் வீட்டுத் தொழிலிலும் இல்லாத இந்தியத் தொழிலாளர்களில் சுமார் 13 விழுக்காட்டினர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். காரில் போனவர்கள் அதில் ஒரு சிறு பங்குதான். சாலையின் அகலமோ காருக்கே அளந்து கொடுக்கப்படுகிறது.

காவிரிப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் இந்தப் பாலம் 1976இல் கட்டப்பட்டது. 2022இல் பழுதுபார்ப்பதற்காகப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2023 மார்ச்சில்தான் மீண்டும் திறந்தார்கள். கார்களும் பேருந்துகளும் நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிப் போயின. காரில் போகிறவருக்கு அந்தச் சுற்று சில நிமிடம். மிதிக்கிறவருக்கு லாரிகளுக்கு நடுவே பல கிலோமீட்டர். இப்போது பக்கத்திலேயே 106 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதிய பாலம். இரண்டு பாலங்களாகப் போக்குவரத்து பிரியும்போது, பழைய பாலத்தில் தடுப்பு வைத்துப் பிரித்த சைக்கிள் பாதை வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும்.

அது பாலத்தோடு நின்றுவிட்டால் பயனில்லை. நூறு மீட்டருக்குப் பச்சை வண்ணம் அடித்துப் படம் எடுத்துக்கொள்வது பாதை ஆகாது. ஸ்பெயினின் செவில் நகரம் 2006இல் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஒன்றோடொன்று இணைந்த, தடுப்புள்ள பாதைகளைப் போட்டது. அதன்பிறகுதான் அங்கே சைக்கிள் ஓட்டுவோர் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. பாதை அறுபடாமல் இருந்ததால்தான் மக்கள் நம்பி ஏறினார்கள்.

நமக்கும் அப்படி ஒரு வலைப்பின்னல் வேண்டும். திருவரங்கம், திருவானைக்காவலிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம், அங்கிருந்து பாலக்கரை, பொன்மலை, அரியமங்கலம் வரை ஒன்று. உறையூர் வழியாகச் சந்திப்பு ரயில் நிலையம், 2025இல் திறந்த பஞ்சப்பூர் பேருந்து முனையம் வரை இன்னொன்று. உய்யக்கொண்டான் கரையும் பயன்படும். ஆனால் 'கரையை அழகுபடுத்துகிறோம்' என்று அங்கே குடியிருக்கும் ஏழைகளை நகருக்கு வெளியே தூக்கி எறிந்துவிட்டு, காலை உடற்பயிற்சிக்காரர்களுக்குப் பாதை போடுவதை நாம் ஏற்க முடியாது.

பாதை எல்லோருக்குமானதாக இருக்க வேண்டும். கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி சாதாரண சைக்கிளைவிட அகலமானது. மோட்டார் வண்டிகளைத் தடுக்க நெருக்கமாக நடும் இரும்புக் கம்பங்கள் மாற்றுத்திறனாளியையும் சேர்த்தே தடுக்கும். சந்திப்புகளில் படி இருக்கக்கூடாது, சரிவு வேண்டும். சாக்கடை மூடியின் கம்பி இடைவெளியில் சக்கரம் சிக்கக்கூடாது. பன்னிரண்டு வயதுச் சிறுமியும் எழுபது வயதுப் பெரியவரும் தனியாக ஓட்ட முடிகிறதா என்பதே அளவுகோல்.

'திருச்சி பழைய ஊர், தெருவெல்லாம் குறுகல், இடம் எங்கே?' என்பார்கள். திருவரங்கத்துச் சித்திரை வீதிகளைப் போய்ப் பாருங்கள். தேர் ஓட வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு அகலமாக வைத்துக் காத்து வருகிறார்கள். ஆண்டில் சில நாள் ஓடும் தேருக்கு இடம் ஒதுக்கத் தெரிந்த ஊருக்கு, ஆண்டு முழுவதும் உழைக்கப் போகிற மனிதனுக்கு இரண்டு மீட்டர் ஒதுக்கத் தெரியாதா? இடம் இல்லாமல் இல்லை. யாருக்கு ஒதுக்குவது என்பதில்தான் சிக்கல்.

எனவே திட்டம் போடும் மேசையில் பொறியாளர்களோடு தூய்மைப் பணியாளர்களும், அரசுப் பள்ளி மாணவிகளும், மாற்றுத்திறனாளிகளும் உட்கார வேண்டும். முதல் பாதை தில்லைநகரில் அல்ல, அரியமங்கலத்தில் தொடங்க வேண்டும். இறங்கித் தள்ளு என்று ஊர் சொன்னதை எதிர்த்து நின்றோம். ஓரமாய் ஒதுங்கு என்று நகரம் சொல்வதையும் எதிர்த்தே ஆக வேண்டும்.