சாப்பிடவில்லை, காப்பிதான்!

நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "சாப்பிட்டாச்சா?" என்பதுதான். உடம்பு சௌக்கியமா, குழந்தைகள் நலமா என்பதெல்லாம் அப்புறம். இந்தக் கேள்விக்கு நம் பெண்கள் சொல்லும் பதில் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். மணி பதினொன்று இருக்கும். காலையில் நாலு இட்லி, சட்னி எல்லாம் ஆகியிருக்கும். ஆனாலும், "எங்கே, இன்னும் சாப்பிடலே!" என்பாள். பொய் சொல்கிறாளா? இல்லவே இல்லை. அவள் கணக்கில் இட்லி என்பது டிபன். தட்டில் சாதம் விழுந்தால்தான் சாப்பாடு!

ராத்திரியும் இதே கதைதான். மூன்று சப்பாத்தி, குருமா, ஒரு வாழைப்பழம், மேலே ஒரு டம்ளர் பால். "ராத்திரி நான் சாப்பிடறதே இல்லை, பலகாரம்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வேடிக்கை டாக்டர் வீட்டு வாசல்வரை போய்விடுகிறது. அதனால்தான் இந்த முறை இதையே எழுத எடுத்துக்கொண்டேன்.

ஊருக்கு ஒரு பெயர்

நாகர்கோவில் பக்கம் போனால் "காப்பி குடிச்சாச்சா?" என்பார்கள். வெறும் காப்பி என்று நினைத்து "ஆச்சு" என்று சொல்லிவிட்டால் பட்டினிதான்! அங்கே காப்பி என்றால் புட்டு, தோசை என்று ஏதாவது சேர்ந்த காலை ஆகாரம். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் காலையில் சாப்பிடுவதற்குப் 'பசியாறுதல்' என்று பெயர். மலேசியத் தமிழர்களும் "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு இதமான சொல், பாருங்கள்! செட்டிநாட்டு வீடுகளில் காலைப் பலகாரம், மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் இடைப்பலகாரம், ராத்திரிப் பலகாரம் என்று வேளைக்கு வேளை பெயர் வைத்து நடத்துகிறார்கள்.

இந்தப் 'பலகாரம்' என்ற சொல்லே ஒரு தனிக் கதை. வடமொழியில் 'பலம்' என்றால் பழம். பல ஆகாரம் என்றால் பழ ஆகாரம். ஏகாதசி, அமாவாசை மாதிரி நாட்களில் அன்னத்தை விலக்கிவிட்டுப் பழமும் பாலும் சாப்பிடுவதற்கு ஏற்பட்ட பெயர். பிறகு பழத்தோடு உப்புமா நுழைந்தது; அடை நுழைந்தது; இட்லி, தோசை எல்லாம் நுழைந்தன. கடைசியில் தீபாவளி முறுக்கும் அதிரசமும்கூடப் பலகாரம் ஆகிவிட்டன. பழத்தைத்தான் காணோம்!

'டிபன்' வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் புழங்கிய சொல். நடுப்பகலில் லேசாக ஏதாவது கொறிப்பதற்கு அவர்கள் வைத்த பெயர். நம்மவர்கள் அதைப் பிடித்துக்கொண்டதற்கும் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் ஆபீஸ் போகிறவர்கள் ஒன்பது மணிக்கே குழம்பு, ரசம், மோர் என்று முழுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மத்தியானத்துக்கு லேசாக ஏதாவது இருந்தால் போதும். அதுதான் டிபன். அதை எடுத்துப்போக ஒரு டிபன் பாக்ஸ். வாழ்க்கை முறை மாறியதும் சாப்பாடு மத்தியானத்துக்குப் போயிற்று. டிபன் காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது டிபன் பாக்ஸில் போவது சாப்பாடு. டிபனோ வீட்டிலேயே ஆகிவிடுகிறது!

வயல் வேலைக்குப் போன குடும்பங்களில் கணக்கே வேறு. விடிந்ததும் நீராகாரம் அல்லது பழையது, கடித்துக்கொள்ள ஒரு சின்ன வெங்காயம். உச்சிப் பொழுதுக்குக் கஞ்சி, கூழ், களி. சுடுசோறு என்பது பொழுது சாய்ந்து வீடு திரும்பிய பிறகுதான். அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. இட்லியும் தோசையும் பல வீடுகளில் பண்டிகைக்குத்தான்.

ஆக, வேளையின் பெயர் ஊரையும் வேலையையும் பொறுத்தது. இதில் எது உசத்தி, எது மட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெயர் இருக்கும் வேளைக்கு ஒரு நேரமும் இருக்கிறது. பெயர் இல்லாமல் வாயில் போவதை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாப்பாட்டுக்கு முன்னாடி!

எங்கள் தெருவில் ஒரு பாட்டி. சர்க்கரை வியாதி. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "தினம் ரெண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தால் சர்க்கரை இறங்கவே இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டலாம் என்று டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். கூடப் போயிருந்த மருமகள் கெட்டிக்காரி. முந்தின நாள்தான் மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்திருக்கிறாள். தீர்ந்திருக்க வேண்டியதில் பாதி அப்படியே இருந்திருக்கிறது. "ஏன் பாட்டி, ரெண்டு வேளை போட்டுக்கலையா?" என்று டாக்டர் கேட்டாராம்.

"நான் சாப்பாடு சாப்பிடறது பன்னிரண்டு மணிக்கு ஒரு வேளைதானே? அதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுண்டுடறேன். காலம்பற டிபன், ராத்திரி ரெண்டு தோசை. அது சாப்பாடா என்ன?" என்றாராம் பாட்டி!

சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் நினைத்துப் பாருங்கள். டாக்டரும் சரியாகச் சொன்னார், பாட்டியும் கேட்டபடிதான் நடந்தார். 'சாப்பாடு' என்ற ஒரே சொல் இரண்டு பேருக்கும் இரண்டு அர்த்தம். மருமகள் அட்டையை எண்ணாமல் இருந்திருந்தால், தேவையில்லாமல் மருந்து கூடியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டால் அரை மணிக்குள் ஆகாரம் உள்ளே போயாக வேண்டும். "மாத்திரை போட்டாச்சு, பூஜையை முடிச்சுட்டுச் சாப்பிடலாம்" என்று உட்கார்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அப்படி வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பிறகு ஆகாரமும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வெறும் வயிறு எது?

அடுத்தது காப்பி. காப்பியை நாம் எதிலும் சேர்ப்பதில்லை. "வெறும் வயித்தோடதான் வந்திருக்கேன், காப்பி மட்டும்தான் குடிச்சேன்" என்று ரத்தப் பரிசோதனைக்கு வந்து நிற்பவர்கள் எத்தனை பேர்! பாலும் சர்க்கரையும் போட்ட காப்பி உள்ளே போனால் அது வெறும் வயிறே இல்லை. பரிசோதனைக்கு முன் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. சாப்பிட்டபின் எடுக்கும் ரத்தத்துக்கு 2 மணி நேரம் என்பது முதல் வாய் வைத்த நிமிஷத்திலிருந்து கணக்கு. கை கழுவியதிலிருந்து அல்ல.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்கும் இதே சங்கதிதான். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. மாத்திரையையே காப்பியோடு விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. இரும்புச்சத்து மாத்திரையையும் காப்பி, டீ, பாலோடு சேர்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் இவை அதற்கு நல்ல துணை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேலே! கீரை வாங்குகிறோம், மாத்திரை வாங்குகிறோம். கூடவே சாப்பிட்ட கையோடு ஒரு காப்பியையும் குடித்து அந்தச் சத்தில் ஒரு பங்கை வீணாக்கிவிடுகிறோம். சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டாலே போதும்.

அம்மாவின் வேளைக்கு என்ன பெயர்?

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அவருக்கு எட்டு மணிக்கு டிபன். குழந்தைகளுக்குப் பாக்ஸில் சாப்பாடு. மாமனாருக்குப் பதினொன்றரைக்கு இலை போட்டாக வேண்டும். உங்களுக்கு?

ஆறு மணிக்கு ஒரு காப்பி. எல்லோரும் கிளம்பிப் போனதும் ஆறிப்போன இன்னொரு காப்பி. குழந்தை தட்டில் மீதி வைத்த அரை தோசை, "வீணாப் போறதே" என்று. குழம்புக்கு உப்புப் பார்த்த ஒரு கரண்டி. பிறகு இரண்டு மணிக்குச் சாப்பாடு. இந்த ஆறுக்கும் இரண்டுக்கும் நடுவில் நீங்கள் சாப்பிட்டதற்கு ஒரு பெயர் சொல்லுங்கள் பார்க்கலாம்! பெயரே கிடையாது. அதனால் நேரமும் கிடையாது, அளவும் கிடையாது. ஒரு நாள் உண்டு, மூன்று நாள் இல்லை.

கைக்குழந்தைக்காரிகள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ல் வகுத்த அளவின்படி, கர்ப்பிணிக்கு வழக்கத்துக்கு மேல் தினமும் 350 கலோரி தேவை. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் 600 கலோரி. அறுநூறு என்றால் ஒரு முழு வேளைச் சாப்பாடு! அந்த வேளை உங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு நடக்கிறது? அதற்குப் பெயரே இல்லையென்றால் யார் தட்டு வைப்பார்கள்?

குழந்தைகள் விஷயத்தைப் பாருங்கள். "என் பிள்ளை சாப்பிடவே மாட்டேங்கறான்" என்று குறைப்படாத தாய் இல்லை. பத்து மணிக்கு இரண்டு பிஸ்கட், பன்னிரண்டுக்கு ஒரு டம்ளர் பால், நடுவில் பாட்டி கொடுத்த முறுக்கு. இதெல்லாம் 'சாப்பாடு' இல்லையே, அதனால் நம் கணக்கில் வராது. ஆனால் அந்தச் சின்ன வயிற்றுக்கு அது தெரியுமா? ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளில் மூன்று நான்கு தடவை ஆகாரமும், நடுவே ஒன்றிரண்டு தடவை பழம், சுண்டல் மசியல் மாதிரி ஏதாவதும் கொடுக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அந்த இடைவேளைக்கும் ஒரு நேரம் வைத்துவிட்டால், கண்ட நேரத்துப் பிஸ்கட் தானாக நின்றுபோகும்.

பெயரும் நேரமும் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பள்ளிக்கூடங்களே சாட்சி. காமராஜர் காலத்தில் 1956ல் மதிய உணவு. எம்.ஜி.ஆர். காலத்தில் 1982ல் சத்துணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, மறு ஆண்டு மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போயிற்று. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒரு பட்டியல். வீட்டில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த குழந்தைக்குக் 'காலை உணவு' என்று ஒரு வேளை கிடைத்தது. அதே குழந்தையின் அம்மாவுக்கு அந்த வேளையை யார் கொடுப்பது? அவளேதான் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்புறம் மூன்று நாளைக்கு எழுதிப் பாருங்கள். மணி என்ன, வாயில் போனது என்ன. காப்பி, பிஸ்கட், உப்புப் பார்த்தது எதையும் விடாதீர்கள். டிபன், சாப்பாடு என்ற பெயர்கள் வேண்டாம். மணியும் பண்டமும் மட்டும். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அதைக் காட்டி, "எந்த மாத்திரை எத்தனை மணிக்கு?" என்று கேட்டு, மணியைத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் அப்படியே. விரதம், ஒருபொழுது, நோன்பு இருப்பவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த நாளைக்கு மருந்தை எப்படி மாற்றுவது என்று அவர் சொல்வார். நாமாகவே நிறுத்துவது கூடாது.

அந்தத் தாளில் காலை ஆறுக்கும் மத்தியானம் இரண்டுக்கும் நடுவில் உங்கள் இடம் காலியாக இருந்தால், ஒன்பது மணிக்கு நேராக ஒரு வேளையை எழுதுங்கள். இரண்டு இட்லி இருந்தால் போதும், முட்டையும் இருந்தால் நல்லது, பழையதும் மோரும் என்றாலும் தேவலை. உட்கார்ந்து, உங்கள் தட்டில், சூடாக இருக்கும்போதே. குழந்தை வைத்த மிச்சம் கூடாது!

அந்த வேளைக்கு என்ன பெயர் வைக்கலாம்? என்னைக் கேட்டால் 'பசியாறுதல்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்பேன். உங்கள் ஊரில் இதைவிட நல்ல பெயர் இருந்தால் எழுதுங்கள், எல்லோருமாகத் தெரிந்துகொள்ளலாம். இனிமேல் யாராவது "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், டிபனாக இருந்தாலும் சரி, பலகாரமாக இருந்தாலும் சரி, "ஆச்சு, வயிறு நிறையச் சாப்பிட்டேன்" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.